முதிரை நிலையும் என் சாட்சியும்

என்னைச் சாட்சிக்கு வரச்சொல்லிக் கேட்டபோது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. கண்டாவளைப் பக்கம் எங்கள் குடியிருப்புக்காரர் கும்பிடுகிற பிள்ளையார் கோயில் சபைக்கு அப்போது நான் தலைவர். திருநீறு பூசாமல் தேத்தண்ணி கூடக் குடிக்கமாட்டேன். பொய் சொல்லாத ஆள் என்று ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவள் இரண்டு வேலி தள்ளி இருக்கிற விதவைப் பெண். சின்ன வயதில் மலையகத்திலிருந்து தகப்பனோடு வன்னிக்கு வந்தவள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய வழக்கு பெரிய சிக்கலானதல்ல. இடம்பெயர்வதற்கு முதல் அவளும் புருசனும் அரை ஏக்கர் மேட்டுக்காணியில் வீடு கட்டி இருந்தார்கள். இடம்பெயர்ந்த வழியில் புருசனும் போனார், காணிப் பேர்மிட்டும் போனது. சில வருடங்கள் வவுனியாவில் சொந்தக்காரரோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் காணி முழுக்க வாழைத்தோட்டம். வீடிருந்த இடத்தில் உழவு இயந்திரம் விடுகிற தகரக் கொட்டகை. அவை எங்கள் கோயிலில் ஏழாம் திருவிழா செய்கிற உபயகாரருடையவை. "அது வெறும் பற்றைக்காடு. நான்தான் வெட்டித் துப்புரவாக்கினனான். அங்கை ஒரு நாளும் வீடு இருக்கேல்லை" என்று அவர் சொன்னார். வீடு இருந்தது என்று காட்டினால் காணி தங்கச்சிக்கு. காட்ட முடியாவிட்டால், தமக்கையின் வீட்டுக் கோடிப்பக்கம் போட்டிருக்கிற கொட்டில்தான் அவளுக்குக் கடைசிவரைக்கும். முன்பு அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். மிச்சப்பேர் உபயகாரருக்குச் சொந்தம்.

தங்கச்சியின் சட்டத்தரணி என் கடைசி மகளின் வயதிருக்கும் ஒரு பிள்ளை. கிளிநொச்சியில் ஒரு கடையின் மேல்மாடியில் கந்தோர் வைத்திருந்தாள். கதிரையில் இருத்தி, "ஐயா, தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. நான் எழுதுறன்" என்றாள். நான் அரைமணித்தியாலம் சொன்னேன். செங்கல் வீடு, ஓட்டுக்கூரை, முன்னால் மல்லிகைப் பந்தல், பின்னால் கட்டுக்கிணறு. ஒன்றரைப் பக்கம் வந்தது. பிறகு அவள் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"இதிலை எதை நீங்கள் கண்ணாலை கண்டனீங்கள்?"

"எல்லாம் உண்மை, பிள்ளை. ஊருக்கே தெரியும்."

"ஊர் வந்து கூண்டிலை ஏறாது ஐயா. செங்கல் வீடு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"முந்தின தபால்காரர்."

"அவர் எங்கை?"

"கனடாவிலை."

ஒரு கோடு போட்டாள்.

"மல்லிகைப் பந்தல்?"

"என்ரை மனிசி சொன்னவா."

"அவா கண்டவாவோ?"

"இல்லை. அவாவுக்குத் தபால்காரற்றை மனிசி சொன்னவா."

இன்னொரு கோடு. கிணற்றுக்கும் கோடு. இடம்பெயர்வுக்கு முதல் நாங்கள் வட்டக்கச்சியில் இருந்தவர்கள். திரும்பி வந்த பிறகுதான் இந்தக் குடியிருப்புக்கு வந்தோம். அதனால் அந்த வீட்டைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் கதை கேட்டு அறிந்தவை. ஒன்றரைப் பக்கமும் கோடாகிப் போனது.

"கேள்விப்பட்டது சாட்சி இல்லை ஐயா. கண்டது, தொட்டது, செய்தது. அதுதான் வேணும்."

அறுபத்துமூன்று வயதில் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் நிச்சயம் என்று வைத்திருந்ததில் முக்கால்வாசியும் யாரோ சொல்லிக் கேட்டது என்று. என் பிறந்த நேரம் அம்மா சொன்னது. பூட்டனின் பெயர் அப்பா சொன்னது. பிள்ளையார் கேட்டதைத் தருவார் என்பதும் பெரியவர்கள் சொன்னதுதான். அந்தப் பிள்ளையின் பேனாவுக்கு முன்னால் என் பக்தியே தாங்காது போலிருந்தது.

கடைசியாகக் கேட்டாள். "அந்தக் காணியிலை நீங்கள் நேரை கண்டது ஒண்டுமே இல்லையோ?"

"இல்லை" என்றேன். பொய் சொல்லாத ஆள் சொன்ன பொய் அது.

கண்டேன். தொட்டேன். செய்தும் இருக்கிறேன். மீளக்குடியேறின மாதங்களில் நாங்கள் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். உபயகாரர் அந்தக் காணியில் கைவைக்க முதல், விறகு பார்த்துப் போன இடத்தில் அந்த வீட்டைக் கண்டேன். கூரை இல்லை. சுவர் நெஞ்சளவுக்கு நின்றது. ஆனால் முன்வாசலில் கதவு நிலை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. முதிரை மரம். மேற்சட்டத்தில் ஓமும், கட்டின வருடமும், இரண்டு பக்கமும் தாமரையும் செதுக்கியிருந்தது. எங்களுக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு வரப்போகிறது, அதில் ஒரு சாமியறை கட்ட வேண்டும் என்று நானும் மனைவியும் நேர்த்தி வைத்திருந்தோம். இவ்வளவு நல்ல நிலையை மழையில் விடுவது பாவம் என்று எனக்குப் பட்டது.

சும்மா எடுக்கவில்லை. அடுத்தநாள் குளித்து, ஒரு தேங்காயும் கற்பூரமும் கொண்டுபோய், வாசலில் வைத்துப் பிள்ளையாரிடம் உத்தரவு கேட்டு, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். இப்படி முறையாக ஒரு வீட்டை உரித்தவன் வன்னியில் வேறு ஆரும் இருக்கமாட்டான். அந்த நிலைதான் எங்கள் சாமியறை வாசலாக நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துச் சந்தனப்பொட்டு வைப்போம்.

அந்த வீட்டுக்காரி திரும்பி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வந்துவிட்டாள். உடனே பரிகாரம் செய்தேன். நாற்பத்தெட்டு நாள் கோயிலில் விளக்கேற்றி, ஒரு பித்தளைத் தூண்டாமணி விளக்கும் வாங்கிக் கொடுத்தேன். கோயிலுக்கு இரண்டு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும். அவளுடைய கொட்டிலுக்கு இரண்டு வேலி. நான் இரண்டு மைலைத்தான் தெரிந்தெடுத்தேன்.

சட்டத்தரணியிடம் போய்வந்த அன்று மனைவி கேட்டா. "என்னவாம்?"

"கேள்விப்பட்டது ஒண்டும் எடுபடாதாம்."

"அப்ப கண்டதைச் சொன்னனீங்களோ?"

நான் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"உங்களைத்தான் கேக்கிறன். நிலையைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

"நீர் என்ன, என்னை உள்ளுக்கை அனுப்பப் பார்க்கிறீரோ? கோயில் சபை என்ன சொல்லும்?"

"சபையோ? ஒவ்வொரு கூட்டத்திலையும் ஆற்றையோ குறையைத்தானே கதைக்கிறியள். ஒருக்கா உங்கடையையும் கதைக்கட்டும்." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா. கல்யாணம் கட்டின நாளிலிருந்து இப்படித்தான், முக்கியமான கதை வந்தால் அவாவுக்குக் குசினிக்குள் வேலை வந்துவிடும்.

அந்தக் கிழமையே உபயகாரர் கோயில் வீதியில் என்னை மறித்தார். கோபமே இல்லை. தோளில் கைபோட்டார்.

"மச்சான், அவளுக்குச் சாட்சி சொல்லப் போறீராம்?"

"கூப்பிட்டிருக்கினம்."

"போம், போம். நான் தடுக்கமாட்டன். கேள்விப்பட்டதெல்லாத்தையும் விலாவாரியாச் சொல்லும். கேட்டுக்கொண்டிருப்பம்." சிரித்தார். கேள்விப்பட்டது எவ்வளவு எடுபடும் என்று என்னைவிட முதலே அவருக்குத் தெரிந்திருந்தது. தோளில் அவருடைய கை இருந்த இடம் கொஞ்ச நேரம் எரிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும். என்னைத் திருத்தியது பிள்ளையாருமில்லை, மனைவியுமில்லை. அந்தச் சிரிப்புத்தான்.

நேரே தங்கச்சியின் கொட்டிலுக்குப் போனேன். அவள் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன், எங்கள் சாமியறை நிலை அவளுடைய வீட்டு நிலை என்று. அவள் மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கெழம உங்க வீட்டுக்கு வந்தா சாமி ரூம் வாசல்ல கைய வச்சிக்கிட்டு நிப்பேன்ல. சாமியவா பாத்தேன்னு நெனைச்சீங்க? என் வூட்டுக்காரு செதுக்குனது அது. எடது பக்கத் தாமரைல ஒரு இதழ் கொறையும். உளி வழுக்கிருச்சு."

ஒவ்வொரு வெள்ளியும் அவளுடைய பக்தியைப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தவன் நான்.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்ல?"

"சாமிய வச்சிட்டீங்க. உள்ள சாமி இருக்கையில வாசலப் புடுங்குன்னு எப்படிக் கேக்குறது?"

"லோயர் பிள்ளையிட்டையாவது சொல்லியிருக்கலாமே?"

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னா என்னண்ணே? காணி கேக்குறவ சொல்ற கதைன்னுவாங்க. எடுத்தவரு சொன்னாத்தானே சாட்சி. நீங்களா வாயத் தொறக்கட்டும்னுதான் ஒங்களத் தேடி வந்தேன். வேற எதுக்கு ஒங்களப் போயிக் கேக்கப்போறேன்?"

என் நல்ல பெயரைக் கேட்டு வந்தாள் என்று நினைத்திருந்தேன். அவள் வந்தது என் கள்ளத்தைத் தேடி.

சட்டத்தரணிப் பிள்ளை இதைக் கேட்டதும் பேனாவை நிமிர்த்திக் கொண்டாள். களவு என்றால் வழக்கு வருமோ என்று கேட்டேன். "பழைய கதை ஐயா. வந்தால் பார்ப்பம். ஆனால் ஊர் சிரிக்கும்" என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் கூடுதலாச் சொல்லக்கூடாது." அதை நான் மந்திரம் போலப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று தவணை தள்ளிப்போய்த்தான் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். விரதம் இருந்து, மூன்று குறி திருநீறோடு போயிருந்தேன். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள், அந்தப் பயத்தில் உண்மை தானாக வரும் என்று என் எண்ணம். வேதக்காரருக்குப் பைபிள் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை, உண்மை சொல்வதாக உறுதி சொன்னால் போதும் என்றார்கள். சைவக்காரனின் வெறும் வாயை நம்பும் இடம் அது ஒன்றுதான் போலும். முழு உண்மையையும் சொல்வதாக உறுதி சொன்னேன். சொல்லி முடித்து வாய் திறக்க, "கேள்விக்கு மாத்திரம் பதில்" என்றார் நீதிபதி.

எங்கள் சட்டத்தரணிப் பிள்ளை கேட்டாள், நான் சொன்னேன். நிலையைக் கண்டது, எடுத்தது, சாமியறைக்கு வைத்தது. முடிந்தது. பின்வரிசை வாங்கில் இருந்த கோயில் சபைக்காரர் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு உபயகாரரின் சட்டத்தரணி எழும்பினார். நரைத்த தலை, தாலாட்டுகிற மாதிரிக் குரல்.

"நீங்கள் கோயில் சபைத் தலைவர்?"

"ஓம் ஐயா."

"களவெடுத்த வாசலுக்குள்ளாலை போய்த்தான் சாமி கும்பிடுறீங்கள்?"

"களவெண்டில்லை ஐயா. கேட்டிட்டுத்தான் எடுத்தனான்."

"ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

"பிள்ளையாரிட்டை. தேங்காய் உடைச்சுக் கேட்டனான்."

"ஓகோ. அவர் என்ன சொன்னவர்?"

"சரிபாதியா உடைஞ்சது ஐயா. அப்பிடியெண்டால் ஓம் எண்டுதான் அர்த்தம்."

மன்றம் முழுக்கச் சிரித்தது. பொலிஸ்காரரும் சிரித்தார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. எழுதுகிறவரைப் பார்த்து, "பிள்ளையார் சொன்னது கேள்விச் சான்று. பதிய வேண்டாம்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் என்பதால் பேசாமல் நின்றேன்.

சட்டத்தரணி தாலாட்டைத் தொடர்ந்தார். மேற்சட்டத்தில் வருடம் செதுக்கியிருக்கிறதா? இருக்கிறது. செதுக்கியதை நான் கண்டேனா? காணவில்லை. ஒரு மரத்தில் எந்த வருடத்தையும் எப்போதும் செதுக்கலாம், இல்லையா? செதுக்கலாம். இப்படியே தாமரையும் ஓமும் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. தங்கச்சி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அரை ஏக்கரும் என் வாயால் போகிறது என்று எனக்கே தெரிந்தது.

கடைசியாக அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, அந்த நிலை இந்தக் காணியிலைதான் நிண்டதெண்டதுக்கு, கோயில் தலைவர் எண்ட உங்கடை வாயைத் தவிர வேறை என்ன இருக்கு?"

கேள்வி வந்துவிட்டது. ஆகவே பதில் சொன்னேன்.

"அதின்ரை அடிக்கால் இருக்கு ஐயா."

"என்ன அடிக்கால்?"

"சீமெந்துக்குள்ளை இறுகி நிண்டது. பிடுங்க வரேல்ல. அடியிலை ஒரு சாண் விட்டு வாளாலை அறுத்துத்தான் எடுத்தனான். அறுத்த மிச்சம் அங்கைதான் கிடக்கும், அவற்றை உழவு இயந்திரக் கொட்டகைக்குக் கீழை."

எங்கள் பிள்ளை பேனாவை நழுவவிட்டாள். அறுத்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எடுத்தேன் என்று சொல்லப் பழகியிருந்தேன். அறுத்தேன் என்று சொல்ல இன்னும் வெட்கம் மிச்சமிருந்தது. நரைத்த தலையர் "வேறு கேள்வி இல்லை" என்று இருந்துவிட்டார். உபயகாரர் வெளியே போக எழும்பினார். நீதிபதி அவரை இருக்கச் சொன்னார். அன்று பின்னேரமே பதிவாளரும் பொலிசும் காணிக்குப் போகவேண்டும், நிலையும் அங்கே வரவேண்டும், அதுவரைக்கும் ஒருவரும் கொட்டகைக்குக் கிட்டப் போகக்கூடாது என்று கட்டளை.

எங்கள் வீட்டில் மனைவி பிள்ளையாரையும் முருகனையும் தூக்கிக் குசினி அலுமாரிக்கு மேல் வைத்தா. ஒரு மேசன் சுவரை இடித்து நிலையைக் கழற்றினார். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டு போனபோது பாதி ஊர் பின்னால் வந்தது, சுவாமி வீதியுலா வருகிற மாதிரி. சந்தனப்பொட்டும் அப்படியே இருந்தது.

கொட்டகைக்குக் கீழே மண்ணை வெட்டினார்கள். இடது பக்கத்தில் ஒன்றும் இல்லை. டோசர் போட்டு மட்டப்படுத்தினபோது பெயர்ந்திருக்க வேண்டும். தங்கச்சி நிலத்தில் குந்திவிட்டாள். வலது பக்கத்தில் இரண்டு அடி ஆழத்தில் சீமெந்துத் துண்டும் அதற்குள் ஒரு சாண் முதிரையும் வந்தன. நான் மொட்டை வாளால் அறுத்தவன். பாதியில் வாள் இறுகி, மறுபக்கத்தால் அறுத்து, நடுவில் படி மாதிரி ஒரு கோணல் விழுந்திருந்தது. நிலையின் காலை அதன்மேல் இறக்கியபோது படியும் படியும் பொருந்தி, நூல் போகிற இடைவெளியும் இல்லை. அவளுடைய புருசன் அவ்வளவு பக்குவமாகச் செதுக்கிய தாமரை சாட்சியாகவில்லை. நான் கோணலாக அறுத்தது சாட்சியாகிவிட்டது.

உபயகாரர் எனக்குக் கிட்ட வந்தார். இந்தமுறை தோளில் கை போடவில்லை. "தலைவராம் தலைவர். கள்ளன்" என்றார்.

"ஓம்" என்றேன். உறுதிசொல்லித்தானே வந்திருக்கிறேன்.

தீர்ப்பு வர இன்னும் ஐந்து மாதம் போனது. தனக்கே பாதகமாகப் பேசிய சாட்சியை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். அரசாங்கக் கடதாசியில் என்னை நம்பலாம் என்று எழுதியது அதுதான் முதல்தரம், அதுவும் களவெடுத்த காரணத்துக்காக. நான் சபைத் தலைமையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். யோசிக்கச் சொல்வார்கள் என்று ஒரு சின்ன எண்ணம் இருந்தது. கூட்டம் தொடங்கி முதல் அலுவலாக அதை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது கும்பிடப் போய்வருகிறேன். மணி அடிக்க ஆள் இல்லாத நாட்களில் அடிக்கிறேன். அதற்கு எவரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

காணியைக் கையளிக்க நீதிமன்றத்துப் பிஸ்கால் உத்தியோகத்தர் வந்த அன்று அதற்கும் இரண்டு சாட்சிக் கையெழுத்துத் தேவைப்பட்டது. தங்கச்சியின் தமக்கை ஒரு கையெழுத்து. மற்றதற்கு வேலிக்கு வெளியே நின்ற பதினைந்து பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். நான் போய் வைத்தேன்.

உபயகாரரின் வாழையில் பாதி குலை தள்ளியிருந்தது. அதை என்ன செய்வது என்று பிஸ்கால் கேட்டார்.

"முத்துனத அவரே வெட்டிக்கட்டும். அவரு நட்டது" என்றாள் தங்கச்சி. "ஆனா நாளைக்குள்ள. நாளண்ணிக்கு நான் வேலி போடுறேன்."

மேன்முறையீட்டுக் காலம் முடியும்வரைக்கும் நிலை நீதிமன்றத்தில் இலக்கம் ஒட்டியபடி நின்றது. எங்கள் சாமியறைக்கு இன்னும் வாசல் வைக்கவில்லை, ஒரு சீலைத்துணி தொங்குகிறது. நிலை வந்ததும் நானே லான்ட்மாஸ்டர் பிடித்து ஏற்றிவந்து தருகிறேன், குறைந்த காலுக்கு முதிரைத்துண்டு ஒட்டுவதும் என் பொறுப்பு என்று அவளிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும்ணே. செவுரு இல்லாம நெல வச்சு என்ன செய்ய?" அவள் எல்லைக்கல்லில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி மற்ற நுனியை என்னிடம் தந்தாள். "இதப் புடிச்சிக்கிட்டு அந்த மூலைக்கு நடங்க. நேரா நடங்க."

நான் நடந்தேன். அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.